கிளி தொடாத பிள்ளை

பத்மாசினிக்கு நண்பகல் என்பது ஊர் காணாமல் போகிற நேரம். காலையில் இருந்த வேலியும் கிணறும் பனைகளும் வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாக வெளுத்து, மதியமானதும் எல்லாம் ஒரு வெள்ளைக்குள் போய்விடும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வரும், மாட்டின் மணி வரும், வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஓடுகிற சத்தம் வரும். ஆட்கள் மட்டும் வரமாட்டார்கள். பொழுது சாயத் தொடங்கினால் ஊர் திரும்பி வரும். முதலில் பனைகளின் அடி, பிறகு வேலி, பிறகு வேலியில் காயும் அப்பாவின் சாரம், கடைசியாக மனிதர்கள். உலகம் மாலைதோறும் தன்னைத் தேடி வருகிறது என்றே அவள் சின்ன வயதில் நம்பியிருந்தாள். மற்றவர்களுக்கும் அப்படித்தான் என்றும் நினைத்திருந்தாள்.

அவள் பிறந்தபோது கரவெட்டியில் அவர்கள் வீடிருந்த ஒழுங்கை முழுவதும் வேறு கதை இல்லை. அப்பா சோமசேகரமும் அம்மா குணலட்சுமியும் மாநிறம். பிள்ளைக்கோ தலைமயிர், இமை, புருவம் எல்லாம் பஞ்சு நிறம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வயிற்றில் பிள்ளையோடு தாய் கிரகணம் பார்த்தாள் என்றார்கள். குங்குமப்பூவை அளவுக்கு மிஞ்சிக் குடித்தாள் என்றார்கள். குங்குமப்பூவைக் கண்ணாலும் கண்டிராத குணலட்சுமி, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டர்தான் விளங்கும்படி சொன்னார். தோலிலும் கண்ணிலும் இருக்கவேண்டிய நிறச்சத்து பிறவியிலேயே இல்லை. வெயில் சுடும், வெளிச்சம் கூசும், பார்வை குறைவு. மற்றப்படி எல்லாப் பிள்ளையையும்போல ஒரு பிள்ளைதான். முதலில் சொன்னவற்றை மட்டும் குணலட்சுமி பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கடைசியாகச் சொன்னதை டொக்டரின் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

பொத்திப் பொத்தி வளர்த்தாள் என்று சும்மா சொல்வார்கள்; குணலட்சுமி செய்ததைப் பார்த்தால் அந்தச் சொல்லுக்கே வெட்கம் வரும். யன்னல்களுக்குச் சாக்குத் தைத்துப் போட்டாள். பனையோலையில் குடை அளவு தொப்பி பின்னுவித்தாள். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அரைக்கைச் சட்டையோடு திரிய, பத்மாசினி மணிக்கட்டு வரை மூடிய கையும் கழுத்து வரை பூட்டிய பொத்தானுமாகப் போனாள். பின்னேரமானால் கிணற்றடியில் நிறுத்தி, நெற்றி, காது, பிடரி, முதுகு என்று ஓரிடம் விடாமல் பார்ப்பாள். எங்காவது சிவந்திருந்தால் தேங்காயெண்ணெய் தடவி, அன்றைய வெயிலை வாய்க்கு வந்தபடி ஏசுவாள். அம்மாவின் விரல்கள் தன் முதுகில் ஏதோ தேடிக்கொண்டு போவது பத்மாசினிக்குப் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் ஊரும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருக்கும்.

எண்பத்தேழில் இராணுவம் புகுந்து வடமராட்சி பட்ட பாடு அடங்கி, பள்ளிக்கூடங்கள் மறுபடி திறந்தபிறகு, கொஞ்சம் பிந்தித்தான் அவளைச் சேர்த்தார்கள். முதல் நாள் குணலட்சுமி வகுப்பு வாசலைவிட்டு அசையவில்லை. சின்ன வகுப்புகளைப் படிப்பித்தவரும் பள்ளிக்கூடத்து விளையாட்டுகளுக்குப் பொறுப்பாக இருந்தவரும் மீனாம்பிகை ரீச்சர். குணலட்சுமி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரீச்சர், விரல் பட்டாலே இவளுக்குச் சிவந்துபோம். இடிக்கப்படாது, தள்ளப்படாது. ஒருத்தரும் இவளைத் தொடப்படாது. எனக்கு நீங்கள் வாக்குத் தரவேணும்.”

“பயப்பிடாதேங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்,” என்றார் ரீச்சர்.

வாக்குக் கொடுப்பது சுகம். அதைக் காப்பாற்றுகிறவர்களால்தான் சில வேளை தொல்லை வருகிறது. மீனாம்பிகை ரீச்சர் காப்பாற்றுகிற ஆள்.

பள்ளிக்கூடத்துக் கிணற்றுக்கும் குண்டுக்கு ஒளிக்கிற பங்கருக்கும் நடுவில் ஒரு வெறும் நிலம். இடைவேளை மணி அடித்ததும் பெண்பிள்ளைகள் அங்கே கிளித்தட்டுக்கு ஓடுவார்கள். நீளப் பெட்டியாகக் கோடு கீறி, குறுக்கே தட்டுகள் பிரித்து, தட்டுக்கு ஒருத்தி மறித்து நிற்பாள். மறிக்கிற பக்கத்தின் தலைவிதான் கிளி. மற்றவர்கள் தங்கள் குறுக்குக் கோட்டை விட்டு அசையக்கூடாது. கிளி மட்டும் சுற்றிவரவும் நடுக்கோட்டிலும் ஓடலாம். கிளி கை தட்டினால் ஆட்டம் தொடங்கும். உள்ளே வருகிறவர்கள் எல்லாத் தட்டையும் தாண்டிக் கடைசிக்குப் போய், ‘பழம்’ என்று கூவிக்கொண்டு திரும்பி வரவேண்டும். ஒருத்தி அடிபட்டாலும் முழுப் பக்கமும் அவுட்; ஆட்டம் மறுபக்கத்துக்குப் போய்விடும். அதனால் அடிபட்டவளுக்கு அன்று முழுக்கத் தன் பக்கத்தாரிடம் பேச்சு விழும்.

பத்மாசினி வேப்பமரத்தடியில் இருந்து எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருந்தாள். அவளுக்கு நிலம் தெரியாது, பிள்ளைகள் தெரியாது. வெள்ளைக்குள் கால்கள் தபதபவென்று ஓடும், திடீரென்று ஒரு கூச்சல் எழும்பும், பிறகு சிரிப்பு அடங்கும். மழையை வீட்டுக்குள் இருந்து கேட்பதுபோல அவள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். இப்படியே காலம் போயிருக்கும், மீனாம்பிகை ரீச்சர் என்ற ஒரு ஆள் அந்த மரத்தடியை நாள்தோறும் பார்த்துப் பார்த்து மனம் கேளாமல் போயிராவிட்டால்.

ரீச்சர் பருத்தித்துறைக் கடற்கரையில் வள்ளக்காரரிடம் பழைய தும்புக் கயிறு கேட்டு வாங்கி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார். கோடுகள் இருந்த இடமெல்லாம் கயிற்றைப் பதித்து, பனைமட்டை ஆப்பு அறைந்தார். கண்ணுக்குத் தெரியாத கோடு காலுக்குத் தெரியட்டும் என்பது அவருடைய எண்ணம். மற்றப் பிள்ளைகளுக்கும் அது பிடித்துப்போயிற்று. கோட்டை மிதித்தாய், மிதிக்கவில்லை என்ற தினச் சண்டை கயிற்றோடு போயிற்று. அதுவரைக்கும் நல்லது. பிறகு, பத்மாசினி காய்ச்சலில் வராத ஒரு நாள், ரீச்சர் பிள்ளைகளைக் கூட்டி வைத்துத் தாழ்ந்த குரலில் ஒரு விதி சொன்னார்.

“பத்மாசினி எந்தப் பக்கமும் விளையாடட்டும். ஆனா அவளை ஒருத்தரும் அடிக்கப்படாது. அவள் பழம் கொண்டு வந்தாலும் கணக்கில்லை. விளங்குதோ? அவளுக்குச் சொல்லப்படாது.”

விளங்கியது. அதுதான் அதிசயம். தண்ணீர்ப் போத்தலுக்குள் தவளை விட்டது யார் என்பதைப் பள்ளிக்கூட வாசற்படலை தாண்டுமுன் ஊருக்கே சொல்லிவிடுகிற பிள்ளைகள், இதை மட்டும் ஒரு வருடத்துக்கும் மேலாக வாய்க்குள் வைத்திருந்தார்கள். அவளில் அவர்களுக்கு அவ்வளவு பட்சம். அந்தப் பட்சத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஒரு வருடம் பத்மாசினி காற்றில் நடந்தாள். கிளியின் கைதட்டல் கேட்கும். உள்ளங்காலில் கயிறு தட்டும். இது முதல் தட்டு, இது இரண்டாவது என்று கால் சொல்லும். வெள்ளைக்குள் யாரோ மூச்சு வாங்குவார்கள், யாரோ விலகுவார்கள், பாவாடை ஒன்று உரசிக்கொண்டு போகும். ஒரு கையும் அவள்மேல் படாது. கடைசித் தட்டில் நின்று “பழம்!” என்று கத்தும்போது அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருக்கும். திரும்பி வரும்போது எல்லோரும் கை தட்டுவார்கள். தன் உடம்பு தண்ணீர்போல ஆகிவிட்டது, எந்தக் கைக்கும் அகப்படாது என்று அவள் நினைத்தாள். இரவில் பாயில் படுத்தாலும் உள்ளங்கால் கயிற்றைத் தேடும்.

“அப்பா, கிளியாலையும் என்னைப் பிடிக்கேலாது, தெரியுமே?” என்பாள், சாப்பிடும்போது.

“உண்மையாவோ?” என்று சோமசேகரம் கண்ணை விரிப்பார்.

“ஓம். ஒரு நாளும் அடிபடேல்லை. பள்ளிக்கூடத்திலையே நான் ஒருத்திதான்.”

ஜாம் போத்தல் விளக்கின் அந்தப் பக்கத்தில் குணலட்சுமி பானைக்குள் பார்த்துச் சிரித்துக்கொள்வாள். ரீச்சர் அவளிடம் எல்லாம் சொல்லி, அனுமதி கேட்டுத்தான் பிள்ளையை இறக்கியிருந்தார்.

இந்தச் சொர்க்கத்தை உடைக்க மயிலிட்டியிலிருந்து ஒருத்தி வரவேண்டியிருந்தது. அங்கே குண்டுவீச்சில் கடற்கரைச் சனமெல்லாம் எழும்பி ஓடியபோது, யோகமலரின் குடும்பமும் கைக்குக் கிடைத்ததோடு வெளிக்கிட்டு, இடம் இடமாக மாறிக் கடைசியில் கரவெட்டியில் ஒரு தோட்டக் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தது. தகப்பன் கடலுக்குப் போனவர். இப்போது அடுத்தவர் தோட்டத்தில் வாய்க்கால் திருப்பித் தண்ணீர் மாறினார். யோகமலருக்குக் காலில் செருப்பில்லை, குரலில் ஒளிவுமறைவில்லை. அலைக்கு மேலால் கத்திப் பழகிய வீட்டுக் குரல் அது. வந்த அன்றே, யாரும் கேட்குமுன், கிளித்தட்டுக்குள் இறங்கி ஒரு தட்டில் மறித்து நின்றுகொண்டாள்.

பத்மாசினி வழக்கம்போலக் கயிற்றைக் காலால் தடவி, வெள்ளைக்குள் நுழைந்தாள். முதல் தட்டு விலகியது. இரண்டாவது தட்டில் தோளில் பளாரென்று ஒரு அடி விழுந்தது.

“அடிச்சாச்சு! அவுட்! ஆட்டம் எங்கடை!”

ஒருவரும் கத்தவில்லை. பிறகு யாரோ ஒருத்தி அவசரமாகக் கிசுகிசுத்தாள். பத்மாசினியின் காதுக்கு அது கிசுகிசுப்பல்ல.

“உவளை அடிக்கப்படாதடி. உவள் கணக்கில்லை.”

“கணக்கில்லாட்டி ஏன் ஓடுறாள்?” என்று கேட்டாள் யோகமலர்.

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையில் விளங்கவில்லை; விளங்காததைக் கேட்டாள். பத்மாசினி நின்ற இடத்தில் நின்றாள். ஒரு வருடமாகத் தான் தாண்டிய தட்டெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அந்த மூச்சுகள், அந்த விலகல்கள், உரசிக்கொண்டு போன பாவாடைகள். அவள் ஒரு தட்டையும் தாண்டவில்லை. எல்லாரும் வழி விட்டிருக்கிறார்கள். பிறகு கயிற்றைக் காலால் தேடித் தேடி வெளியே வந்து, வேப்பமரத்தடியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தாள். அன்று அழவில்லை, அழுகையை வீட்டுக்குக் கொண்டுபோகவும் இல்லை. கிணற்றடியில் தோள் சிவப்பைப் பார்த்து அம்மா கேட்டதற்கு வேலிக்கம்பு தட்டியது என்று சொன்னாள். அது அவள் சொன்ன முதல் பொய்.

அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அவள் ஆட்டத்துக்குப் போகவில்லை. பிள்ளைகள் வந்து கையைப் பிடித்து இழுத்தார்கள், கெஞ்சினார்கள். அவள் செருப்புகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தாள். வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்களில் அவளுக்குப் பக்கத்தில் வந்து குந்தியவள் யோகமலர்தான். மன்னிப்புக் கேட்கவில்லை. வீட்டில் அவித்த பனங்கிழங்கில் பாதியை முறித்துக் கொடுத்தாள். தன்னை அடித்த ஒரே ஆள் என்ற உரிமையில் பத்மாசினியும் வாங்கிக்கொண்டாள்.

கடைசியில் மீனாம்பிகை ரீச்சர் வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்.

“ஏன் பிள்ளை, கோவமே?”

“இல்லை ரீச்சர்.”

“பின்னை என்ன வேணும் உனக்கு? சொல்லு.”

பத்மாசினி தொப்பியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நான் அவுட்டாக வேணும் ரீச்சர்.”

பாடசாலையில் எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். வெற்றிக் கிண்ணம் கேட்டவர்கள் உண்டு, கிளி ஆக்கச்சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. இதை ஒருவரும் கேட்டதில்லை.

“வெயிலுக்கை உனக்குக் கண் தெரியாதெல்லோ, குஞ்சு. உன்னை அடிச்சா அது ஞாயமே?”

“பின்னேரத்திலை தெரியும் ரீச்சர். பின்னேரத்திலை எனக்கு எல்லாம் வடிவாத் தெரியும்.”

இவ்வளவு காலமும் தாமே கேட்டிருக்கவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது என்று ரீச்சருக்கு அப்போதுதான் பட்டது. நேரே பள்ளிக்கூடத்து அதிபரிடம் போனார். அதிபர் அருட்பிரகாசம் நல்ல மனிதர், ஆனால் நேரசூசியை இறைவன் இறக்கி வைத்ததாக நம்புகிறவர். பிள்ளைகளை நிற இல்லங்களாகப் பிரித்து நடத்துகிற விளையாட்டுப் போட்டியில் கிளித்தட்டை மட்டுமாவது பொழுது சாயும் நேரத்துக்கு வைக்கலாமா என்று ரீச்சர் கேட்டார். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒரு பிள்ளைக்காக நேரசூசியை மாத்தேலாது ரீச்சர்.”

அதோடு கதை முடிந்தது என்றுதான் ரீச்சரும் நினைத்தார். ஆனால் அந்த வருடம் வானத்தில் குண்டு போடுகிற பொம்மர் கூடிப்போனது. பகலில் சனம் கூடுகிற இடத்துக்குப் பெற்றோர் பிள்ளைகளை விடப் பயந்தார்கள். பந்தல், பாண்ட் வாத்தியம், அணிவகுப்பு ஒன்றும் வேண்டாம். போட்டிகளைத் துண்டு துண்டாக, பின்னேரத்தில், பொழுதுபடுகிற நேரத்தில் நடத்தி முடிப்போம் என்று கூட்டத்தில் தீர்மானமாயிற்று. தீர்மானத்தை வாசித்தவர் அதிபரேதான். ஒரு பிள்ளைக்காக மாறாத நேரசூசி ஒரு பொம்மருக்காக மாறியது. மீனாம்பிகை ரீச்சர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் குற்றம் சொல்லியிருக்க மாட்டேன்.

மஞ்சள் இல்லத்தில் ஒரு ஆள் குறைந்தது. நன்றாக ஓடுகிற பிள்ளை ஒருத்தியைக் குடும்பம் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ரீச்சர் மஞ்சள் இல்லத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்.

“பத்மாசினி உங்கடை பக்கம். கணக்கோடை.”

“கணக்கோடையோ?” என்றாள் இல்லத் தலைவி. குரல் கீழே விழுந்தது. “அப்ப அவள் அடிபட்டா நாங்கள் எல்லாரும் அவுட்டோ?”

“ஓம்.”

பக்கத்தில் நின்ற பத்மாசினிக்கு வெயிலில் தலைவியின் முகம் தெரியவில்லை. அவள் பெருமூச்சு விட்டதைக் கேட்டாள். அந்தப் பெருமூச்சு அவளுக்கு இனித்தது.

ஆனால் குணலட்சுமிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. அன்று பின்னேரம் ரீச்சர் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்கு வந்தார். குணலட்சுமி அடுக்களைக்குள் இருந்தாள். சோமசேகரம் படலையில் நின்றே கேட்டார். எல்லாவற்றையும் கேட்டபின் அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“விளையாடட்டும் ரீச்சர். அவவுக்கு நான் பிறகு சொல்லுறன்.”

சோமசேகரம் ‘பிறகு சொல்லுறன்’ என்றால், சொல்லாமல் விடப்போகிறார் என்று அர்த்தம். முப்பது வீடுகள் உள்ள அந்த ஒழுங்கையில் இது தெரியாதவர் ரீச்சர் ஒருவர்தான்.

போட்டிக்கு முதல் நாள் பத்மாசினி யோகமலரை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனாள். யோகமலர் நீல இல்லம். மயிலிட்டியில் மணலில் ஓடிய கால் என்று அவளையே கிளி ஆக்கியிருந்தார்கள்.

“நாளைக்கு நான் கிட்ட வந்தா என்ன செய்வாய்?”

“அடிப்பன்.”

“மெதுவாவோ?”

“எனக்கு மெதுவா அடிக்கத் தெரியாது.”

பத்மாசினிக்கு நிம்மதியாக இருந்தது.

பொழுது பனைகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கி இல்லை, சோடனை இல்லை. நிலத்தைச் சுற்றி வேலியோரமாகப் பெற்றோர் கொஞ்சப் பேர் சத்தமில்லாமல் நின்றார்கள். பங்கரின் மண்மூட்டைகளில் சின்னப் பிள்ளைகள் ஏறியிருந்தார்கள். கடல்பக்கமிருந்து லேசான காற்று வந்தது. “இருட்டப் போகுது, கெதியா, கெதியா,” என்று யாரோ சொன்னார்கள். எல்லோருக்கும் இருட்டத் தொடங்கிய அந்த நேரத்தில் பத்மாசினிக்கு ஊர் வந்துகொண்டிருந்தது. அவள் தொப்பியைக் கழற்றி மரத்தடியில் வைத்தாள். முதல் முதலாக அந்த நிலத்தை அவள் பார்த்தாள். காலால் அறிந்த கயிறுகள் செம்மண்ணில் நீளமாகக் கிடந்தன. கயிற்றுக்கு மேல் பிள்ளைகள் கருநீல நிழல்களாக, கையை விரித்து, முழங்காலை மடித்து, அசைந்துகொண்டு நின்றார்கள். இவ்வளவு அழகான விளையாட்டையா இத்தனை நாளும் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தோம் என்று நினைத்தாள்.

நீலப் பக்கம் மறித்தது. மஞ்சள் பக்கம் இறங்கியது. யோகமலர் கை தட்டினாள்.

முதல் தட்டில் நின்றவள், பழைய பழக்கத்தில், பத்மாசினிக்காக ஒரு அடி ஒதுங்கி வழி விட்டாள். பத்மாசினி போகவில்லை. திறந்து கிடந்த இடத்துக்கு முன்னால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏனடி விடுறாய்? மறி!”

வேலியோரத்தில் யாரோ சிரித்தார்கள். மறித்தவள் வெட்கத்தோடு திரும்பி வந்து உண்மையாகவே கையை விரித்தாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் விளையாட்டு. பத்மாசினி இடப்பக்கம் போவதுபோலக் காட்டினாள்; நிழல் இடப்பக்கம் சாய்ந்தது; வலப்பக்கத்தால் தாண்டினாள். அடுத்த தட்டில் ஒரு விரல் அவளுடைய பின்னல் நுனியைத் தொடாமல் காற்றைத் தொட்டது. இந்த முறை அந்த மூச்சுகள் பொய் இல்லை. அவளைப் பிடிக்கத்தான் வாங்கினார்கள். ஒரு வருடமாகக் கனவில் ஓடிய அதே தட்டுகளில் இப்போது அவள் விழித்துக்கொண்டு ஓடினாள், ஓட்டமும் கனவைப்போலவே இருந்தது. கடைசிக் கயிற்றைத் தாண்டியதும் பனைகளையும் வானத்தையும் பார்த்துக் கத்தினாள்.

“பழம்!”

மஞ்சள் இல்லத்தில் இன்னும் இரண்டு பேர் பழத்தோடு நின்றார்கள். மூவரும் திரும்பிப் போய்ச் சேர்ந்தால் கிண்ணம் அவர்களுக்கு. பத்மாசினி பொறுக்கவில்லை, முதலில் திரும்பியவள் அவள்தான். ஒரு தட்டு, இன்னொரு தட்டு, மற்றது. வெளியேற ஒரேயொரு கயிறு மிச்சம். நடுக்கோட்டில் யோகமலர் நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நன்றாகப் பார்த்தார்கள். பத்மாசினி சரிந்து, நிமிர்ந்து, பாய்ந்தாள்.

அடி விழுந்த சத்தம் கிணற்றடி வரை கேட்டது.

நடு முதுகில் பட்ட அடி. பத்மாசினி முழங்காலில் விழுந்து மண்ணில் கையூன்றினாள். நீல இல்லம் கத்தவில்லை, மஞ்சள் இல்லம் அசையவில்லை. எல்லோரும் மீனாம்பிகை ரீச்சரைப் பார்த்தார்கள். ரீச்சரின் வாயில் விசில் இருந்தது, மூச்சுத்தான் வரவில்லை. வகுப்பு வாசலில் தன் கையைப் பிடித்த ஒரு தாயின் கை அவருக்கு நினைவு வந்திருக்கும். பத்மாசினி மண்ணிலிருந்து நிமிர்ந்து, அவர் நின்ற பக்கம் பார்த்தாள். ஊதுங்கோ ரீச்சர் என்று அந்த முகம் கெஞ்சியது.

ரீச்சர் ஊதினார்.

“மஞ்சள் இல்லம் அவுட்!”

அதற்குப் பிறகு எழும்பிய சத்தத்தில் பனை மேலிருந்த காகங்கள் கலைந்தன. நீல இல்லம் துள்ளியது. மஞ்சள் இல்லத் தலைவி கண்ணெல்லாம் நீரோடு ஓடிவந்து பத்மாசினிக்கு முன்னால் நின்றாள்.

“உனக்கென்ன அவ்வளவு அவசரம்? மூண்டு பேர் பழத்தோடை நிண்டம்! ஒண்டாத் திரும்பியிருந்தா வெண்டிருப்பம்! உன்னாலைதான்டி எல்லாம் போச்சு!”

பத்மாசினியை அதுவரை யாரும் ஏசியது கிடையாது. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்டாள். பரிசளிப்பு விழாவில் பெயர் வாசிப்பதைக்கூட யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது ஊர் முழுவதும் தெரிந்தது. வேலி, படலை, மாடு, சாரம், எல்லாம் தத்தம் இடத்தில் இருந்தன. குணலட்சுமி கிணற்றடியில் வாளியோடு காத்திருந்தாள். பிந்தி வந்ததற்கு வெயிலில்லாததால் அவ்வளவு கோபமில்லை. சட்டையைக் கழற்றி, வழக்கம்போல நெற்றி பார்த்தாள், காது பார்த்தாள், பிடரி பார்த்தாள். முதுகுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

அந்த வெள்ளை முதுகில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. உள்ளங்கைகூடத் தெரிந்தது.

“ஐயோ! எந்த நாசமாப் போவாள் உன்னை அடிச்சது? ரீச்சர் எங்கை போனவ? எனக்கு வாக்குத் தந்தவவெல்லோ! நாளைக்கே போறன், அந்தப் பள்ளிக்கூடத்தை என்ன செய்யிறன் பார்!”

சோமசேகரம் மாட்டுக் கொட்டிலுக்குள் ஏதோ முக்கியமான வேலை இருப்பதாக நுழைந்துகொண்டார்.

“அம்மா, நான் அவுட்,” என்றாள் பத்மாசினி.

“என்ன?”

“நான் அவுட் அம்மா. கடைசித் தட்டிலை நான் நிமிந்து பாய, யோகமலர் அடிச்சவள். அவள்தான் கிளி. ரீச்சர் விசில் ஊதினவ. என்னாலைதான் எங்கடை இல்லம் தோத்துப் போச்சு. எல்லாரும் என்னை ஏசினவை!” மூச்சு விடாமல் சொன்னாள். “அம்மா, முந்தி நான் கணக்கில்லை. உங்களுக்குத் தெரியும் என்ன? இப்ப நான் கணக்கு.”

குணலட்சுமி பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். எத்தனையோ வருடமாக வெயிலிலும் காற்றிலும் விரலிலும் இருந்து பொத்தி வைத்திருந்த அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவள் ஒரு நாளும் கண்டதில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அந்தச் சிவந்த விரல்களின் மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்தாள்.

“நோகுதே?”

“ஓம்,” என்றாள் பத்மாசினி, பூரிப்போடு.

குணலட்சுமி தேங்காயெண்ணெயை எடுத்தாள். தடவத் தடவ, அவளுடைய கண்ணிலிருந்து விழுந்ததும் எண்ணெயோடு சேர்ந்துகொண்டது. பிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பிள்ளையின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். மெதுவான குட்டில்லை.

“கடைசித் தட்டிலை ஆரும் நிமிந்து பாயிறதே? கிளி கையை வீசேக்கை குனிய வேணும், மோட்டுப் பெட்டை. இஞ்சை பார்,” என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கிணற்றடியில் குனிந்து ஓடிக் காட்டினாள்.